பாதரசம் படிந்த மலைமண்

காய்ச்சல் கண்ட குழந்தையின் நாக்கின் அடியில் வைக்கும் கண்ணாடி வெப்பமானியைப் பெரியவர்கள் அனைவரும் அறிவர். அதன் குமிழில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருக்கும். பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. ஆகையால் அந்த ஒரு கிராமைத் துளியாகத் திரட்டினால் ஒரு மிளகின் அளவே இருக்கும். இந்த மிளகளவு பாதரசம் மண்ணில் சிந்திக் கலந்துவிட்டால், அதை மீண்டும் பிரித்தெடுக்க எத்தனை ஆண்டு ஆகும்? எவ்வளவு உழைப்பு வேண்டும்? செலவு யாருடையது? கொடைக்கானல் மலையின் ஒரு சரிவு இக்கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரை.

நிலத்தைக் கெடுப்பது எளிது, மீட்பது அரிது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஏன் அரிது என்பதை இயற்பியலும் வேதியியலும் விளக்கும். எந்த அளவுக்கு மீட்க வேண்டும் என்பதை முடிவு செய்ய அவை மட்டும் போதா. கொடைக்கானல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான்.

பாதரசத்தின் பழைய கதை

பாதரசம் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவ நூல்கள் இதை இரசம் என்று குறிக்கும். சிவந்த சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. அதை வறுத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பாதரசம் எடுக்கும் முறை மிகப் பழைமையானது. சாதாரண வெப்பநிலையில் நீர்ம நிலையில் இருக்கும் உலோகம் என்பதால் இதன்மீது மனிதனுக்கு எப்போதும் வியப்பு உண்டு.

அறிவியலுக்கு இது செய்த உதவி பெரிது. 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்துக் காற்றழுத்தத்தை அளக்க வழி கண்டார். 1714-இல் ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தார். பாதரசம் கண்ணாடியில் ஒட்டுவதில்லை, வெப்பத்தால் ஏறக்குறைய ஒரே சீராக விரிகின்றது, -39° செ. முதல் 357° செ. வரை நீர்மமாகவே இருக்கின்றது. வெப்பமானிக்கு இதைவிடப் பொருத்தமான நீர்மம் கிடைப்பது கடினம். 1860களில் இங்கிலாந்து மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட், சட்டைப் பையில் அடங்கும் குட்டை வெப்பமானியை உருவாக்கினார். அதன்பின் உலகெங்கும் மருத்துவமனைகளில் பாதரசம் குடியேறிற்று.

மலைக்கு வந்த தொழிற்சாலை

பழனி மலைத் தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் அங்குக் குடியேறியது முதல் அது கோடைவாழ் நகரமாக வளர்ந்தது. 1899-இல் அங்குச் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். தூய்மையான காற்றுக்குப் பெயர் பெற்ற அந்த மலையில், 1980களின் தொடக்கத்தில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை எழுந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலையே கடல் கடந்து இங்கு வந்தது. 1987-இல் அந்நிறுவனத்தை யுனிலீவர் வாங்கிற்று. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா நிறுவனம் ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தபோது கொடைக்கானல் ஆலையும் அதன் கைக்குப் போயிற்று. மூலப்பொருள்களான கண்ணாடியும் பாதரசமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்து முடித்த வெப்பமானிகளும் வெளிநாட்டுக்கே சென்றன. உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும் மட்டுமே இங்குத் தங்கின.

ஆலை இருந்த செயின்ட் மேரீஸ் சாலைப் பகுதி ஒரு மலை முகட்டில் உள்ளது. அதன் தென்புறச் சரிவில் பாம்பார் சோலை தொடங்குகிறது. சோலை என்பது நம் மேற்கு மலைகளின் மடிப்புகளில் மட்டுமே காணப்படும் குட்டையான, அடர்ந்த, பசுமை மாறாக் காடு. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கொண்டு கோடையிலும் ஓடைகளுக்கு விட்டுக் கொடுப்பது அதன் இயல்பு. வேறெங்கும் அரிதாகவே காணக்கூடிய செடிகள் பாம்பார் சோலையில் உள்ளன. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கத்துச் சமவெளியை அடைகின்றது. எனவே முகட்டில் சிந்தியது முகட்டோடு நிற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

கண்ணுக்குத் தெரியாத ஆவி

பாதரசம் கொதிக்க 357° செ. வேண்டும் என்பதால் அது அறையில் ஆவியாகாது என்று எண்ணுவது தவறு. கொதிக்காத நீரும் காய்ந்து மறைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? பாதரசமும் அவ்வாறே. 20° செ. வெப்பநிலையில், காற்றோட்டமற்ற மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் பாதரச ஆவி நிறையும். 30° செ. ஆனால் இந்த அளவு இருமடங்கையும் தாண்டும். தொழிற்கூடங்களில் நெடுநேரம் வேலை செய்வோர் சுவாசிக்கும் காற்றுக்கு வகுத்த உச்ச வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. நிறைவுற்ற ஆவி இந்த வரம்பைப்போல் 250 மடங்குக்கும் மேல்.

இந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சுவாசித்தால் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றது. கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகியன அதன் அடையாளங்கள். இவை ஒவ்வொன்றும் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை. அதனால்தான் பாதரச நோயை மெய்ப்பிப்பது தொழிலாளர்களுக்கு எப்போதும் கடினமாகின்றது.

நிலத்தில் சேர்ந்த பாதரசத்திற்கு வேறொரு வழியும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் நீரடி வண்டலிலும் வாழும் சில பாக்டீரியங்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் போகப் போக அதன் செறிவு ஏறிக்கொண்டே செல்லும்.

2001-ஆம் ஆண்டு

ஆலையில் முன்பு வேலை செய்தவர்களும் உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் ஐயம் கொண்டு தேடினர். ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல்கள் பல டன் அளவில் மூட்டை மூட்டையாகக் கிடப்பது தெரிய வந்தது. 2001 மார்ச் 7-ஆம் நாள் மக்கள் ஊர்வலமாகச் சென்று இதை வெளியுலகுக்குக் காட்டினர். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் இதில் முன்னின்றன. அம்மாதமே ஆலையில் வேலை நின்றது. பின்னர் திறக்கப்படவே இல்லை.

காற்று வழியே பாதரசம் எவ்வளவு தூரம் சென்றிருக்கும்? அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்கள் இதற்கு ஓர் அழகான வழியைக் கையாண்டனர். மரப்பட்டையில் படரும் பாசியையும் லைக்கனையும் சேகரித்து ஆராய்ந்தனர். இவற்றுக்கு மண்ணில் ஊன்றிய வேர் கிடையாது. காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே உணவு பெறுகின்றன. ஆதலால் காற்றில் வந்த மாசை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் இயற்கைக் கருவிகளாக இவை பயன்படும். 2003-இல் வெளியான அவர்களது முடிவின்படி, சுமார் 20 கி.மீ. அப்பாலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியைவிடக் கொடைக்கானல் ஏரிப் பகுதிப் பாசிகளில் பாதரசம் மிகுதியாக இருந்தது.

அதே 2003-இல், கண்ணாடி உடைசலும் பிற பாதரசக் கழிவுமாகச் சுமார் 290 டன் சரக்கு கப்பலேற்றப்பட்டு, மறுசுழற்சிக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாடுகளுக்குக் கழிவை அனுப்பும் வழக்கத்திற்கு நேர் எதிரான பயணம் இது. 2006-இல் ஆலை இயந்திரங்கள் தூய்மை செய்யப்பட்டு அகற்றப்பட்டன. மண் மட்டும் எஞ்சியது. மூட்டை கட்டி அனுப்ப முடியாத பகுதி அதுவே.

எவ்வளவு தூய்மை போதும்?

நாகப்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைத் தூய்மை செய்யும் திட்டத்தை வகுத்தது. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும் இடங்களைத் தூய்மை செய்தால் போதும் என்று முடிவாயிற்று. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை ஏற்றது.

20 மில்லிகிராம் என்பது பெரிதா, சிறிதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெப்பமானியில் 1 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம் பாதரசம். அதை 20 ஆல் வகுத்தால் 50. ஆக ஒரே ஒரு வெப்பமானி, 50 கிலோ மூட்டை மண் ஒன்றை இந்த வரம்பு வரை கொண்டு வந்துவிடும். மாசுபடாத மண்ணிலோ பாதரசம் பொதுவாகக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமே இருக்கும். இயற்கை அளவைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமான ஒன்றை எப்படித் தூய்மை என்று அழைப்பது என்று ஆர்வலர்கள் கேட்டனர்.

மற்ற நாடுகளைப் பார்த்தால் விடை மேலும் சிக்கலாகின்றது. குடியிருப்பு நிலத்துக்குக் கனடா வகுத்த அளவு 6.6 மில்லிகிராம். பிரிட்டன் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகள் ஒன்றல்ல, மூன்று. தனிம நிலையிலுள்ள பாதரசத்துக்கு 1, மெதில் பாதரசத்துக்கு 11, மற்றச் சேர்மங்களுக்கு 170. தனிமம் ஆவியாகிச் சுவாசத்தில் கலக்கும். ஆகவே கடுமையான வரம்பு. மண் துகளோடு இறுகப் பிணைந்த உப்போ எளிதில் அசையாது. எனவே மொத்தப் பாதரசம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வடிவில், எந்த நிலத்தில், எந்த உயிருக்கு அருகில் என்றும் கேட்டாக வேண்டும். குடியிருப்பு மனைக்குப் போதுமான அளவு, கீழே ஓடையும் மீனும் உள்ள காட்டுச் சரிவுக்குப் போதுமானது என்று ஆகிவிடாது.

மண்ணைக் கழுவும் முறை

கொடைக்கானலுக்குத் தேர்ந்தெடுத்த முறை இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படி, மண்ணைக் கழுவுதல். பருமணலும் கூழாங்கல்லும் ஒரு கிலோவுக்குக் கொண்டிருக்கும் மேற்பரப்பு சிறிது. களியும் நுண்வண்டலும் கொண்டிருக்கும் மேற்பரப்பு மிகப் பெரிது. ஒரு வெல்லக் கட்டியை நுணுக்கினால் மேற்பரப்பு பெருகுவது போன்றதே இது. பாதரசம் மேற்பரப்பில் ஒட்டுவதால் அதன் பெரும்பகுதி நுண்துகள்களிலும் மக்கிலும் சேர்ந்திருக்கும். தோண்டிய மண்ணை நீரில் கலக்கிச் சல்லடைகளில் பிரித்தால், பருமண் தூய்மையாக வெளிவரும். மாசு நுண்மண்ணில் செறியும். மாசுபட்ட மண்ணின் அளவு இவ்வாறு குறைகின்றது.

இரண்டாம் படி, சூடேற்றுதல். செறிந்த நுண்மண்ணை மூடிய கலத்தில் வைத்து, அழுத்தத்தைக் குறைத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாக வெளியேறும். ஆவியைக் குளிர்வித்தால் பளபளக்கும் நீர்மமாக மீண்டும் கிடைக்கும். சாதிலிங்கத்தை வறுத்து இரசம் வடித்த பழைய முறையும் இதுவும் கொள்கையில் ஒன்றே.

இங்கே வெப்ப இயக்கவியலின் ஒரு விதி நினைவுக்கு வரும். பொருள்கள் தாமாகவே பரவும். தாமாகத் திரண்டு சேரமாட்டா. பரவியதைத் திரட்ட வெளியிலிருந்து வேலை செய்தாக வேண்டும். பாதரசம் எவ்வளவு மெல்லியதாகப் பரவியிருக்கிறதோ, ஒவ்வொரு கிராமையும் மீட்க அவ்வளவு அதிக மண்ணைத் தோண்டிக் கழுவிச் சூடாக்க வேண்டும். ஆலையிலேயே சிந்தாமல் பிடிக்கச் சிறு செலவு போதுமாயிருந்திருக்கும். மலையிலிருந்து மீட்கவோ பெருஞ்செலவு ஆகின்றது.

மரமா, மண்ணா?

இனித்தான் உண்மையான நெருக்கடி. மண்ணைத் தோண்ட வேண்டுமானால் அதில் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டும். மரம் போனால் வேர்ப்பிடிப்பு போகும். செங்குத்தான சரிவில் மழை பெய்தால், மண் அரித்துக்கொண்டு கீழே ஓடும். அந்த மண்ணோடு பாதரசமும் பாம்பாற்றுக்குப் போகும். எந்தச் சோலையைக் காக்க வேலை தொடங்கிற்றோ, அச்சோலைக்கே அவ்வேலை கேடாகக்கூடும்.

வரம்பை 20-லிருந்து மேலும் குறைத்தால் தோண்ட வேண்டிய பரப்பும் வெட்ட வேண்டிய மரமும் கூடும் என்பது நிறுவனத்தின் வாதம். செலவைக் குறைக்கவே மரத்தைக் காரணம் காட்டுகிறார்கள் என்பது எதிர்வாதம். இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், உதகமண்டலத்து மண்-நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றிடம் மரங்கள், மண்ணரிப்பு, தூய்மை அளவு ஆகியன பற்றிய ஆய்வுகள் ஒப்படைக்கப்பட்டன. 2017-இல் மண் தூய்மை செய்யும் சோதனை ஓட்டம் நடந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கும், அங்கிருந்து உச்சநீதிமன்றத்திற்கும் சென்றது. முடிவில் 20 மில்லிகிராம் என்ற அளவே நிலைத்தது. அதன் பிறகே முழு அளவிலான மண்பணி தொடங்கிற்று. ஆலை மூடிய பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அத்தனை பருவமழையும் அந்தச் சரிவில் பெய்து கொண்டுதான் இருந்தது.

இடையில் 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின் பயன் அது.

மினமாட்டா காட்டிய வழி

பாதரசம் என்றால் ஜப்பானின் மினமாட்டா நினைவுக்கு வரும். சிஸ்ஸோ நிறுவனம் விரிகுடாவில் விட்ட கழிவால் மீன் உண்ட மக்கள் நோயுற்றது 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. கழிவு 1968 வரை விடப்பட்டது. அந்த நோய் பேசப்பட்ட அளவுக்கு, பிறகு அந்த விரிகுடா என்ன ஆயிற்று என்பது பேசப்படவில்லை. 1977 முதல் 1990 வரை, 25 பி.பி.எம். அளவுக்கு மேல் பாதரசம் இருந்த அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்து, விரிகுடாவின் ஒரு பகுதியில் நிரப்பி, மேலே நல்ல மண்ணிட்டு மூடினர். சுமார் 58 ஹெக்டேர் புதுநிலம் உருவாயிற்று. இன்று அது மரங்கள் வளர்ந்த பூங்கா. மாசுபட்ட மீன் வெளியே போகாமலிருக்க 1974-இல் கட்டிய வலை 1997-இல் அவிழ்க்கப்பட்டது.

ஆனால் அங்குப் பாதரசம் அழிந்துவிடவில்லை. பூங்காவின் அடியில் அடைபட்டிருக்கின்றது. தனிமத்தை எந்த வேதிமுறையாலும் அழிக்க முடியாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அடைத்து வைக்கலாம். அடைத்து வைத்ததைக் காவல் காக்க வேண்டியது அடுத்த தலைமுறைகளின் கடமையாகின்றது. அந்த ஊரின் பெயரிலேயே பாதரசம் பற்றிய உலக உடன்படிக்கை 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை உறுதி செய்தது. பாதரச வெப்பமானியும் அந்த உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் பக்கத்து நிலம்

இவையெல்லாம் தொலைதூரக் கதை என்று அரூர் வாசகர் நினைக்க வேண்டாம். இங்கிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியே பேருந்தில் சென்றால் வாணியம்பாடி. அப்பால் ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலால் பாலாற்றங்கரை நிலமும் கிணறும் கெட்ட வரலாறு நாடறிந்தது. ராணிப்பேட்டையில் 1975-இல் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, 1990களின் நடுவில் மூடியபோது ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைக் குன்றாக விட்டுச் சென்றது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையும். மழை பெய்தால் மஞ்சள் நீராக நிலத்தடியில் இறங்கும். 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையை ஓர் அமெரிக்க நிறுவனம் குறித்தது.

கொடைக்கானலுக்கும் ராணிப்பேட்டைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கது. முன்னதில் மாசுபடுத்திய நிறுவனம் உயிரோடும் பெரும் பொருளோடும் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்த முடிந்தது. பின்னதில் ஆலை மூடிப் போயிற்று. கழிவுக்குன்று பொதுமக்கள் தலையில் விழுந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிற்று. கொள்கை இருந்தும், பணம் கட்ட வேண்டியவர் மறைந்துவிட்டால் என்ன செய்வது? ஆலை ஓடும் காலத்திலேயே, பின்னாளில் நிலத்தை மீட்கும் செலவுக்காக ஒரு தொகையை அதனிடமிருந்து பெற்று வைப்பதே அறிவுடைமை.

நிலம் எப்போது மீண்டதாகும்?

மண்ணில் பாதரசம் வரம்புக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சூடேற்றிய மண்ணில் மக்கு இல்லை, மண்புழு இல்லை, வேரோடு வாழும் பூஞ்சை இல்லை. அது தூய்மையானது, ஆனால் உயிரற்றது. இலைமக்கையும் நுண்ணுயிரையும் ஏற்றி, புல்லால் சரிவைக் கட்டி, அதன் நிழலில் சோலை மரக் கன்றுகளை வளர்த்தெடுக்க வேண்டும். சோலை மரங்கள் மெல்ல வளர்பவை. விரைவில் பச்சை காட்ட வேண்டுமென்று சீகையையோ தைலமரத்தையோ நட்டால் சரிவு பசுமையாகத் தோன்றும்; சோலை திரும்பாது. பழனி மலையில் சோலைக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து மீட்டு நடும் பணியில் பயிற்சி பெற்றவர்கள் அங்கேயே உள்ளனர் என்பது ஆறுதல்.

அதோடு ஓடை நீரையும் வண்டலையும் மீனையும் மரப்பட்டைப் பாசியையும் ஆண்டுதோறும் சோதித்து, அளவுகளை ஊரார் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். 20 என்ற எண் சரியா தவறா என்ற வழக்கை நீதிமன்றம் முடித்துவிட்டது. அச்சரிவின் கீழே வாழும் மீனும் பாசியும் தரும் சான்று இன்னும் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளப் பெரிய ஆய்வுக்கூடம் மட்டுமன்றி, பக்கத்துக் கல்லூரி மாணவரும் பயிற்சி பெறலாம்.

வெப்பமானி உடலின் சூட்டை அளந்து, நோய் உண்டா என்று சொல்லும் கருவி. நிலத்தின் நோயை அளக்கும் கருவிகளும் இன்று நம்மிடம் உள்ளன. நோய் கண்டபின் எத்தனை நாளில் மருத்துவத்தைத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே நிலம் பிழைப்பதும் பிழைக்காததும் அமையும்.